பன்னிரண்டு வோல்ற் என்ன செய்யும்?

எமது கரையோரக் கிராமங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. வீட்டு மின்சாரம் ஆளைக் கொல்லும், பற்றரி மின்சாரம் ஒன்றும் செய்யாது என்பதே அது. பற்றரியின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளாலும் பிடித்துக் காட்டி, "பாருங்கோ, ஒண்டும் இல்லை" என்று சிரிக்கும் இளைஞர்களைப் பேசாலையிலும் காணலாம், குருநகரிலும் காணலாம், முல்லைத்தீவிலும் காணலாம். அவர்கள் காட்டுவது பொய்யல்ல. காய்ந்த கையை 12 வோல்ற் மின்சாரம் அடிப்பதில்லை. ஆனால் அடிக்காத பொருளால் ஆபத்தும் இல்லை என்று அதிலிருந்து முடிவு கட்டுவதுதான் பிழை. பற்றரியால் கண் போனவருக்கும், கை வெந்தவருக்கும், வள்ளம் எரிந்தவருக்கும் மின்சாரம் அடித்திருக்காது. வாயு வெடித்திருக்கும், அமிலம் தெறித்திருக்கும், வயர் பழுத்துத் தீப்பிடித்திருக்கும்.

இதைப்பற்றி எமது ஊர்களில் விழிப்புணர்வு நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. நடப்பதெல்லாம் தனி ஆளைப் பார்த்து நடக்கிறது என்பதே எனது குறை. "கண்ணாடி போடு, கையுறை போடு" என்று சொல்லி, ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடற்கரையில் எவரும் கண்ணாடியும் போடுவதில்லை, கையுறையும் போடுவதில்லை, போடப்போவதுமில்லை. பற்றரியைப் படகில் எங்கே வைப்பது, எங்கே சார்ஜ் ஏற்றுவது, பழுதானால் எங்கே கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊர் ஒழுங்காக விடை வைத்திருந்தால், கண்ணாடி போடாதவரின் கண்ணும் தப்பும். அந்த விடையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும்தான் கொடுக்கவேண்டும்.

ஒரு காலத்தில் லொறி, பஸ், நான்கு சக்கர உழவு இயந்திரம், உள்ளிணைப்பு இயந்திரம் பூட்டிய பெரிய படகு ஆகியவற்றில்தான் பற்றரி இருந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகைக் கயிறு இழுத்தே ஸ்ராட் செய்தார்கள். இன்றும் அனேகமாக அப்படித்தான். ஆயினும் அதே சிறு படகில் இன்று ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. லைற் இருக்கிறது. கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வயர் இருக்கிறது. சிலவற்றில் தண்ணீர் இறைக்கும் சிறு மோட்டாரும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பற்றரி. பலநாட் கலங்களில் இருப்பிடத்தைச் செய்மதி மூலம் அறிவிக்கும் கருவியும் சேர்ந்துவிட்டது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் எமது நாட்டு மீனுக்குத் தடை விதித்த காலத்தில் அது பரவலாகப் பூட்டப்பட்டது. பாக்கு நீரிணையில் இரவில் வலை விட்டுக் காத்திருக்கும் வள்ளத்துக்கு லைற் ஓர் உயிர்க்காவல். இழுவைப் படகுகள் திரியும் கடலில் லைற் இல்லாத வள்ளத்தை ஒருவருக்கும் தெரியாது. ஆகவே பற்றரி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நடுக்கடலில் பற்றரி செத்துப்போவதும் ஓர் ஆபத்துத்தான்.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் பற்றரி பொன்னுக்குச் சமமாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். தீர்ந்துபோன டோர்ச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னொரு இரவுக்கு உயிர் கொடுத்தார்கள். ஒரு வாகனப் பற்றரி வீட்டில் இருந்தால் அது அந்த வீட்டின் சொத்து. அந்தத் தட்டுப்பாடு எம்மவருக்கு அபாரமான கைத்திறனைக் கொடுத்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. பற்றரி கிடைத்தாற் போதும் என்றிருந்த காலத்தில் அதனால் என்ன கேடு வரும் என்று யோசிக்க ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. தகப்பன் அன்று கற்றதைத்தான் மகன் இன்று செய்கிறான். 2022 மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, அந்தப் பழைய வித்தைகள் எல்லாம் நாடு முழுவதும் திரும்பி வந்தன. படகிலும் ஓட்டோவிலும் இருந்த பற்றரி இரவில் வீட்டுக்குள் வந்தது.

பொறி பார்க்கும் பழக்கம்

கைவிடவேண்டிய பழக்கங்களில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கச் சொன்னால், பொறி பார்ப்பதைத்தான் நான் தெரிந்தெடுப்பேன். சார்ஜ் ஏற்றி வந்த பற்றரி நிறைந்திருக்கிறதா என்று அறிய, ஒரு துண்டு வயரை எடுத்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே தட்டிப் பார்க்கிறார்கள். நீலப் பொறி 'சட்' என்று பறந்தால் பற்றரி நல்லது. பொறி சோர்ந்திருந்தால் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஸ்பனரால் தட்டிப் பார்ப்பவரும் உண்டு. கராஜில் வேலை பழகும் பையன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வித்தை இது.

அந்தப் பொறி எந்த இடத்தில் பறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண வாகனப் பற்றரிக்குள் ஈயத் தகடுகளும், தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில், அதாவது 12 வோல்ற் பற்றரியின் அழுத்தம் 14.4 வோல்ற் அளவைத் தொடும்போது, மேலதிக மின்சாரம் அமிலத்திலுள்ள தண்ணீரைப் பிரிக்கத் தொடங்குகிறது. ஐதரசனும் ஒட்சிசனும் குமிழியாக வெளிவருகின்றன. "பற்றரி கொதிக்குது" என்று நாம் சொல்வது இதைத்தான். ஐதரசனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 100க்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். 75 பங்கு வரை அந்தக் குணம் மாறாது. சார்ஜ் ஏற்றி அப்போதுதான் கழற்றிய பற்றரியின் அறைகளுக்குள் மேல் இடைவெளி முழுவதும் இந்த வாயுதான் நிற்கும். அதன் மூடிக்கு நாலு விரற்கடை தூரத்தில் நாம் பொறி பறக்க விடுகிறோம். வெடித்தால் பற்றரியின் மேற்பகுதி சிதறி அமிலத்தோடு முகத்தில் அடிக்கும். பொறியைப் பார்ப்பவர் எப்போதும் குனிந்துதான் பார்ப்பார். அதனால்தான் போவது அனேகமாகக் கண்ணாக இருக்கிறது.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று, பற்றரியில் தண்ணீர் மட்டம் பார்க்க நெருப்புக்குச்சி கிழிப்பது, அல்லது குப்பி விளக்கைக் கிட்டப் பிடிப்பது. விடியப்புறம் நாலு மணிக்குக் கடலுக்குப் போக அவசரப்படுகிறவர் கையில் அகப்பட்டதைத்தான் எடுப்பார் என்பது விளங்குகிறது. டோர்ச் இருக்கும் காலத்தில் அதற்கு நியாயம் இல்லை. பீடியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பொறிக்குப் பதில் என்ன? ஒரு சாதாரண வோல்ற்மீற்றர். சார்ஜரிலிருந்து கழற்றிச் சில மணித்தியாலம் ஓய்ந்த பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் வெறுமையை நெருங்குகிறது. அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக்குழாய் எல்லாச் சார்ஜ் கடையிலும் உண்டு. அது 1.28 அளவில் நின்றால் அந்த அறை நிறைந்தது. பொறி சொல்லாத ஒரு சேதியையும் அந்தக் குழாய் சொல்லும். ஆறு அறைகளில் எது பழுது என்று அது தனியாகக் காட்டிவிடும். ஒரு மீற்றரை ஒரு சங்கம் வாங்கிக் கரையில் வைத்தால் நூறு படகுக்குப் போதும்.

'பராமரிப்புத் தேவையில்லை' என்று எழுதி விற்கும் மூடிய பற்றரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடியிருப்பதால் வாயு வராது என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறினால் அவற்றிலும் வாயு வரும்; அதற்கென்றே வழி விட்டிருக்கிறார்கள். சூரியத் தகட்டைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் நேரே பற்றரியில் கொழுவுவது இப்போது கூடிவருகிறது. 12 வோல்ற் பற்றரிக்கென்று விற்கும் தகடு உச்சி வெயிலில் 18 வோல்ற்றுக்கு மேலும் கொடுக்கக்கூடியது. பகல் முழுவதும் அப்படியே விட்டால் பற்றரி கொதித்துக்கொண்டே இருக்கும். அழுகிய முட்டை மணம் வந்தால் தாமதிக்காமல் சார்ஜை நிறுத்தவேண்டும். சுவிச்சை நிறுத்திய பின்புதான் பற்றரியிலிருந்து வயரைக் கழற்றவேண்டும்.

இனி ஸ்பனர் விடயம். வீட்டுச் சொக்கற் ஒன்று 13 அம்பியர் அளவுக்கே மின்சாரம் கொடுக்கும்படி அமைந்தது. ஒரு வாகனப் பற்றரியின் இரு முனைகளும் இரும்பால் தொடுக்கப்பட்டால் சில நூறு அம்பியர் பாயும். ஸ்பனர் நொடிக்குள் சூடேறி முனையோடு ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரமோ, கையில் இரும்புப் பட்டி மணிக்கூடோ அந்த வழியில் அகப்பட்டால், சதையைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய வளையம் போட்டது போலாகும். இதனால்தான் கழற்றும்போது மறை முனையை, அதாவது மைனஸை முதலில் கழற்றவேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டவேண்டும் என்று சொல்கிறார்கள். வாகனத்தின் உடல் முழுவதும் மைனஸோடு தொடுத்திருப்பதால், பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பனர் எந்த இரும்பில் முட்டினாலும் சுற்று முடிந்துவிடும். காரணத்தோடு சொன்னால் எவரும் மறப்பதில்லை. காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொல்லும் பழக்கம் எமது பயிற்சி வகுப்புகளில் ஒழியவேண்டும்.

பஸ் அல்லது வான் ஸ்ராட் ஆகாமல் நின்றால் இன்னொரு வாகனத்திலிருந்து வயர் போட்டு எழுப்புவோம் அல்லவா? அங்கும் கடைசி முனையை நின்றுபோன பற்றரியிலேயே கொழுவாமல், சற்றுத் தள்ளி இயந்திரத்தின் வெறும் இரும்பில் கொழுவினால், பறக்கும் பொறி வாயு இல்லாத இடத்தில் பறக்கும்.

கடலில் வரும் வேறு கணக்கு

தெருவில் நிற்கும் வாகனத்தின் பற்றரிக்குக் காற்றோட்டம் ஓரளவு தானாகக் கிடைக்கிறது. படகில் அப்படியில்லை. உப்புக்காற்றும் அலையும் படாதிருக்க வேண்டுமென்று முன்னணியத்தில் அல்லது இருக்கைப் பலகைக்குக் கீழே மூடிய அறைக்குள் பற்றரியை வைக்கிறார்கள். அதே அறைக்குள் பெற்றோல் கலனும் இருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அறையின் அடியில் தங்கும். ஐதரசன் இலேசானது, மூடியின் கீழே தங்கும். நடுவே தளர்ந்துபோன ஒரு முனை. அலையில் படகு தூக்கிப் போடும்போதெல்லாம் அந்த முனை பொறி விடுகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம்தானே என்று இதற்குப் பதில் சொல்வார்கள். அந்த இயந்திரத்தையும் எழுப்புவது பெற்றோலில்தான்.

பற்றரியைக் கட்டி வைப்பதும் குறைவு. நடுத்தரப் பற்றரி ஒன்று 15 முதல் 20 கிலோ வரை நிறை உள்ளது. மாரிக் கடலில் அது சரிந்தால் அமிலம் படகின் அடியில் ஓடும். வெறுங்காலோடு நிற்பவருக்குக் கால் போகும். கடல்நீர் பற்றரியை மூடினால் இன்னொரு கேடு. உப்புத் தண்ணீரும் பற்றரி மின்சாரமும் சேரும் இடத்தில் குளோரீன் வாயு உண்டாகும். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் உலகப்போர்க் காலங்களிலிருந்து அஞ்சிவந்த வாயு அது. காற்றைவிடப் பாரமானதால் அறையின் அடியிலேயே நிற்கும். எமது சிறு படகுகள் திறந்தவை என்பதால் ஆபத்துக் குறைவு. பலநாட் கலத்தின் இயந்திர அறைக்குள் தண்ணீர் ஏறிப் பற்றரி மூழ்கியிருந்தால், மூச்சை முட்டும் மணம் வரும்போது ஒருவரும் உள்ளே இறங்கக்கூடாது. மூடியைத் திறந்து காற்று ஓட விடவேண்டும்.

அமிலம் கண்ணில் பட்டால் செய்யவேண்டியது ஒன்றே. தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர். இமையை விரித்துப் பிடித்து, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும், பிறகு வைத்தியசாலை. நன்னீர் இல்லாவிட்டால் கடல்நீரையாவது அள்ளி ஊற்றவேண்டும். உப்பு எரிக்கும், ஆனால் அமிலம் கண்ணைத் தின்றுவிடும். அப்பச்சோடா அமிலத்தைக் கொல்லும் என்பது உண்மை. அதைச் சிந்திய பலகையில் தூவலாம், கண்ணில் போடக்கூடாது. தேங்காயெண்ணெயும் வேண்டாம், முலைப்பாலும் வேண்டாம். ஒரு ஐந்து லீற்றர் கலனில் நன்னீரை நிரப்பி, இது குடிக்க அல்ல என்று குறித்துப் படகில் வைப்பது நல்லது.

பியூஸ் இல்லாத வயரைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டில் பியூஸ் இல்லாமல் மின்சாரம் எடுக்க ஒருவரும் துணியமாட்டார். படகில் பற்றரி முனையிலிருந்து நேரே வயர் ஓடுகிறது. உப்பில் அதன் உறை வெடித்துச் செப்பு பச்சை பிடிக்கிறது. ஒருநாள் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொடும்போது, முழு வயரும் நெருப்புத் திரியாக மாறுகிறது. கண்ணாடியிழைப் படகோ நன்றாக எரியக்கூடியது. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், லைற்றுக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் தக்க சிறு பியூஸ் ஒன்று போட இரண்டு பிளேன்ரீ குடிக்கும் காசு அளவு போதும். இதைச் செய்யாததற்கு வறுமையைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

புதிய வகைப் பற்றரிகள்

இலித்தியம் பற்றரி எமது தெருக்களுக்கு மின்சார மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது அமிலம் சிந்தாது, இலேசானது, நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அது கெட்டுத் தீப்பிடித்தால் தன் சூட்டைத் தானே வளர்க்கும். அணைந்தது போலத் தோன்றி மறுபடியும் எரியும். 2023இல் நியூயோர்க் நகரில் மட்டும் இத்தகைய பற்றரித் தீயால் 18 பேர் இறந்தார்கள். அங்கே எரிந்தவை பெரும்பாலும் வீட்டுக்குள் சார்ஜ் ஏற்றிய மின்சாரச் சைக்கிள், ஸ்கூட்டர் வகையைச் சேர்ந்த பற்றரிகள்.

கரையோர மக்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது உப்புநீரை. 2022 செப்ரெம்பரில் புளோரிடாவைத் தாக்கிய சூறாவளியில் கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தாமாகவே தீப்பற்றின. வெள்ளம் போன பின்பும் ஆபத்து உள்ளே இருந்தது. ஆகவே கழிவு விலையில் கிடைக்கும் பழைய கார்ப் பற்றரிக் கலங்களை ஒட்டிப் படகுப் பற்றரி செய்யலாம் என்று நினைக்கும் எமது கெட்டிக்காரத் தம்பிமார் சற்றுப் பொறுக்கவேண்டும். படகில் இலித்தியம்தான் வேண்டுமென்றால் இரும்புப் பொசுபேற்று வகையை, அதற்கென்றே உள்ள சார்ஜரோடும் பாதுகாப்புச் சுற்றோடும் வாங்குவது நல்லது. மற்ற வகைகளைவிட அது சாந்தமானது. ஊதிப்போன பற்றரியை ஒருபோதும் சார்ஜ் ஏற்றவேண்டாம். தூங்கும் அறையில், வாசலை மறித்து வைத்தும் ஏற்றவேண்டாம்.

இன்னொரு விடயம், கராஜ் நடத்துபவர்களுக்கு. ஹைபிரிட் கார்களின் பெரிய பற்றரிக்கு 'ஒண்டும் செய்யாது' என்ற பேச்சே பொருந்தாது. அவற்றில் பலவற்றின் அழுத்தம் 200 வோல்ற் அளவில் உள்ளது. செம்மஞ்சள் நிற வயரைக் கண்டால் பயிற்சி இல்லாதவர் கையை எடுத்துவிடவேண்டும்.

ஈயம் வார்க்கும் அடுப்பு

வெடிப்பும் தீயும் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று கொல்லைப்புறத்தில் நடக்கிறது. செத்துப்போன பற்றரியின் நிறையில் பாதிக்கு மேல் ஈயம். அது 327 பாகை செல்சியஸில் உருகும், விறகடுப்பே போதும். உருக்கிய ஈயத்தை வார்த்தால் வலைக்கு ஈயக்குண்டு. காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலேயே கிடைக்கிறது என்று இதைச் சிக்கனமாகக் கருதுகிறார்கள்.

எமது மொழியே இங்கே எம்மை ஏமாற்றுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சமைத்துச் சாப்பிட்டோமே, அதிலே என்ன கெடுதி என்று ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பற்றரிக்குள் இருப்பது காரீயம். பேரில் மட்டும் உறவு. காரீயத்தின் புகையும் தூசியும் அடுப்படி மண்ணில் படியும். தகப்பனின் சாரத்தில் ஒட்டும். தவழும் பிள்ளையின் கையிலிருந்து வாய்க்குப் போகும். பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சலும் இல்லை, காயமும் இல்லை. பாடசாலையில் 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்ற பேச்சாக மட்டும் அது வெளிப்படலாம்.

மேற்கு ஆபிரிக்காவில் செனகல் நாட்டின் டக்கார் நகருக்கு அருகே தியாறோய் சூர் மேர் என்ற இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். பற்றரி உடைத்து ஈயம் எடுத்த மண்ணே காரணம் என்று கண்டறியப்பட்டது. கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில், வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் மீனவர் குடியிருப்பில் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். எமது கரைக்கும் அந்தக் கரைக்கும் எவ்வளவு தூரம்? தொழில் ஒன்றுதானே. இலங்கையில் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்கினோம். தெருவிலிருந்து போனதை அடுப்படிக்கு அழைத்து வந்திருக்கிறோம்.

பற்றரியை உடைக்குமுன் அமிலத்தை எங்கே ஊற்றுகிறார்கள்? வேலியோரத்தில், அல்லது கிணற்றடிக்குக் கிட்ட. அந்த அமிலத்தோடு ஈயமும் போகிறது. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தின்போது குடாநாடு முழுவதும் எழுந்து நின்றது. அது நியாயமான எழுச்சி. எமது சொந்த வேலியோரத்துக்கும் அதே கண் வேண்டும்.

சங்கம் என்ன செய்யலாம்

முதலாவது, ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு சார்ஜ் கொட்டில். தகரக் கூரை போதும்; சுவர் வேண்டாம்; கூரையின் உச்சியில் ஒரு சாண் இடைவெளி விடவேண்டும், ஐதரசன் தானாக மேலே போய்விடும். ஒழுங்கான சார்ஜர், ஒரு வோல்ற்மீற்றர், பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. பொறுப்புக்கு ஒருவர். இப்போது பாடசாலை விட்டு வரும் பிள்ளைதான் சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு சார்ஜ் கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறது. பள்ளத்தில் விழுந்தால் அமிலம் பிள்ளையின் முதுகில்தான் வடியும். கொட்டில் கரையிலேயே இருந்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். வீட்டுக்குள் இரவு முழுவதும் கொதிக்கும் பற்றரியும் இல்லாமற் போகும்.

இரண்டாவது, பற்றரிப் பெட்டி. கண்ணாடியிழைப் படகு கட்டும் எமது பட்டறைகளுக்கு ஒரு பெட்டி வார்ப்பது பெரிய வேலையல்ல. மேலே காற்றுத்துளை, இறுக்கிக் கட்டப் பட்டி, பக்கத்தில் பியூஸும் சுவிச்சும். பெற்றோல் கலனிலிருந்து தள்ளி வைக்க ஓர் இடம். புதிய படகுக்குக் கடன் கொடுக்கும்போது இந்தப் பெட்டியும் படகின் ஓர் உறுப்பு என்று சங்கம் சொல்லிவிட்டால், ஐந்தாறு வருடத்தில் அது தானாகப் பரவிவிடும்.

காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறிய அடியிலிருந்து பல குடும்பங்கள் நீண்டகாலம் எழவில்லை. ஆனால் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று பல இலட்சம் ரூபா. வலை அதற்கு மேல். ஒரு படகு எரிந்தால் சங்கம் கொடுக்க நேரும் உதவிப்பணத்தில் இரண்டு கொட்டில் போடலாம். சார்ஜ் கூலியாக இப்போது கடைக்குப் போகும் காசே கொட்டிலை நடத்தப் போதுமானது என்பது எனது எண்ணம்.

மூன்றாவதுதான் கடினமானது. பழைய இரும்பு வாங்க வருபவர் நிறைக்குத்தான் விலை சொல்வார். தண்ணீருக்கு அவர் காசு தரமாட்டார். அதனால் "அமிலத்தை ஊற்றிப்போட்டுத் தாங்கோ" என்பார். அங்கேதான் கேடு தொடங்குகிறது. பழைய ஈயப் பற்றரியை அனுமதிப்பத்திரம் உள்ளவர்களே கையாளவேண்டும் என்பது சட்டம்; மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் அவர்களின் விபரத்தைக் கேட்டுப் பெறலாம். சங்கம் புதிய பற்றரிகளை மொத்தமாக வாங்கி, பழையதைக் கொண்டுவருபவருக்கு விலையில் கழித்துக் கொடுத்தால், இரும்பு வியாபாரி தரும் காசுக்கு அது குறையாது. ஈயக்குண்டையும் மொத்த விலைக்கு வாங்கி அங்கத்தவருக்குக் கொடுக்கலாம். அடுப்பில் வார்க்கும் தேவை இருக்காது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஐஸ், மண்ணெண்ணெய், வலைக்கடன் ஆகியவற்றோடு இதற்கும் ஒரு தீர்மானத்தை எழுதவேண்டும். பழைய பற்றரி அமிலத்தோடு அப்படியே சங்கக் கொட்டிலுக்கு வரவேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது என்று எழுதினால் போதும்.